உறையைப் பிரிப்பதற்கு முன்

1966ஆம் ஆண்டுக் கோடையில், ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றங்கரையிலிருந்த ஓர் ஆரஞ்சுப் பழக் கிடங்கில், நோலீன் முதன்முதலாக நெவிலைப் பார்த்தாள். அவள் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஆணிக்கு ஒருமுறை அவளைப் பார்த்ததால், மாலைக்குள் அவனுடைய கட்டைவிரல் வீங்கிப்போயிற்று.

மறு ஜனவரியில் நெவிலுக்கு இருபது வயது நெருங்கியது. அந்த வயதுப் பையன்கள் அரசிடம் பெயரைப் பதிந்தாக வேண்டும். பிறகு, பிறந்த நாள்களுக்குரிய எண் எழுதிய சிறு மரக்குண்டுகளைப் பீப்பாயிலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். தன் நாள் வந்தவன் படைக்குப் போக வேண்டும். அங்கிருந்து வியட்நாமுக்கும் போக நேரலாம். குலுக்கலுக்கு முன்பே மணம் முடித்தவனுக்கு விலக்கு உண்டு.

கிடங்கில் கேலிக்குக் குறைவில்லை.

"டேய் நெவில், கல்யாணம் பண்ணிக்கோடா! மாமியார் திட்டுறது சார்ஜண்ட் திட்டுறதைவிடப் பரவாயில்லை" என்பான் வண்டியோட்டி மெர்வின்.

"உன் மாமியார்கிட்ட அவ்வளவு திட்டு வாங்கியுமா இப்படிச் சொல்றே?" என்பான் நெவில்.

நோலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் மதிய உணவு வேளையில் அவளே கேட்டாள்:

"குலுக்கலுக்கு முன்னாடியே பண்ணிக்கலாமே? பாதிரியார்கிட்ட நான் பேசிட்டேன்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "வேண்டாம், நோல்."

"என்னைப் பிடிக்கலையா?"

"பயந்துபோய் உன்னைக் கட்டிக்கிட்டேன்னு நாளைக்கு உனக்குத் தோணும். எனக்கே தோணும்."

"தோணிட்டுப் போகட்டும், மடையா! உயிரோட இருப்பியே!"

இரண்டு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. அவன் போய்விடுவானோ என்ற அச்சத்தைக்கூட அவளால் தாங்க முடிந்தது. தன்னை உண்மையில் விரும்புகிறானா என்ற ஐயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச்சில் குலுக்கல் நடந்தது. எந்தெந்த நாள்கள் வந்தன என்பதை அரசு வெளியிடவில்லை. அவரவர் வீட்டுக்குக் கடிதம் வரும். நெவில் தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமலேயே சைக்கிளில் வந்து, நோலீன் வீட்டுச் சமையலறை மேசையின்மேல் வைத்தான்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இனிமே கல்யாணம் பண்ணினாலும் இதை மாத்த முடியாது. அதான் இப்பக் கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

அவளுடைய முழங்கை வரையில் சோப்பு நுரை. "இதைக் கேக்க இவ்வளவு நாளா, கழுதை? கட்டிக்கிறேன். சொல்லிட்டேன் இல்ல? இப்பப் பிரி."

அவனுடைய நாள் வந்திருந்தது.

போனான், ஓராண்டு வியட்நாமில் இருந்துவிட்டு, உடம்பில் கீறலின்றித் திரும்பினான். மணந்துகொண்டார்கள்; மூன்று பெண்கள் பிறந்தார்கள். போரைப் பற்றி அவன் எவரிடமும் பேசியதில்லை. எவரிடமும் எதையும் கேட்டுப் பெறுவதும் அவனுக்கு வராது. ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லாமல் கூரையேறி இரண்டு முறை விழுந்திருக்கிறான். தனக்குப் பயம் என்று ஒருமுறைகூட அவன் சொல்லி நோலீன் கேட்டதில்லை.

நாற்பத்தோர் ஆண்டுகள் கழிந்து, மருத்துவமனையில் அவன் நோயோடு படுத்திருந்த ஒரு பிற்பகலில், "வீட்டுக்குப் போய்த் துணி மாத்திக்கிட்டு வந்துடறேன்" என்று அவள் எழுந்தாள். அவன் அவளுடைய சட்டைக் கையைப் பற்றினான். அவன் கடைசியாக அவளிடம் கேட்டுக்கொண்டது இதுதான்:

"பயமா இருக்கு, நோல். போகாதே."