அத்தை வீட்டுக் குழம்பும் எட்டு மணி ஜெபமும்

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் பேச்சு நின்றுவிடும். ஜெபம் மட்டும் நிற்காது. தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் படுக்கை, எட்டு மணிக்கு அதிலேயே குடும்ப ஜெபம். மூன்று பேரும் முழங்காலில் நின்று ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். முதலில் அப்பா, பிறகு அம்மா, கடைசியில் நான். பேச்சு நின்ற நாட்களில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவர் வழியாகவே சொல்லிக்கொள்வார்கள். பாவம், அவருக்குத்தான் எத்தனை வேலை.

அந்த டிசம்பரில் சண்டைக்குக் காரணம் ஆட்டுக்கறிக் குழம்பு. சபையிலிருந்து வந்த விருந்தாளிகள் முன்னால், செம்பூரில் இருக்கும் தன் அக்கா வைக்கிற குழம்புக்கு இது ஈடாகாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா சிரித்த முகமாகவே பரிமாறி முடித்தாள். அன்றோடு வீட்டில் கறியும் இல்லை, மீனும் இல்லை. தினமும் ரசமும் துவையலும்தான். கர்த்தர் தனக்குக் கொடுத்த கைக்கு இவ்வளவுதான் வரும் என்று ஜெபத்தில் அறிவித்தாள். தன் நாக்கைக் காக்கும்படி அப்பா வேண்டிக்கொண்டார். அதோடு விட்டாரா, இந்த வீட்டில் எல்லாருக்கும் நீடிய பொறுமை வேண்டும் என்றும் கேட்டார். மறுநாள் துவையலும் போயிற்று.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. சந்து முழுக்க எண்ணெய் காயும் வாசம். எங்கள் அச்சுமுறுக்கு அச்சு மட்டும் பரணைவிட்டு இறங்கவில்லை. கேரல் பாடிக்கொண்டு வரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ரசத்தையா ஊற்றிக் கொடுப்பது? நினைக்க நினைக்க எனக்கு அழுகையே வந்தது.

அந்த வாரக் கடைசியில் அப்பா என்னை மட்டும் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அத்தை ஆசையாகக் குழம்பு வைத்திருந்தாள். உப்பு தூக்கல், கறி வேகவே இல்லை. வயிறு சரியில்லை என்று அப்பா இரண்டு வாயோடு எழுந்துவிட்டார். திரும்பும் வழியில் ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கொரு வடாபாவ் வாங்கினார்.

"அக்கா என்னத் தூக்கி வளத்தவ, அதான் அப்படிச் சொல்லுறது. உங்கம்மை வைக்கிற மாதிரி வருமா? யாருகிட்டயும் சொல்லிராத, என்னா," என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று எட்டு மணிக்கு, வழக்கத்துக்கு மாறாக, என்னை முதலில் ஜெபிக்கச் சொன்னார். ஆண்டவரிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்பது ஞாயிறு பள்ளிப் பாடம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, அத்தை வீட்டுக் கறி வேகவே இல்ல. அப்பா வடாபாவ் தின்னுக்கிட்டே, அம்மா வைக்கிற மாதிரி வராதுன்னு சொன்னாங்க. யாருகிட்டயும் சொல்லப்பிடாதாம். அதான் உம்மகிட்ட மட்டும் சொல்லுறேன். ஆமென்."

கண்ணைத் திறந்த பிறகுதான், பக்கத்தில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தது உறைத்தது. அடுத்து அம்மாவின் முறை.

"ஆண்டவரே, வடாபாவ் தின்ன வயித்துக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிடும்," என்றாள். சிரிப்பை அடக்கியதில் குரல் உடைந்தது. அப்பா தன் முறைக்கு ஆமென் மட்டும் சொன்னார். எழுந்ததும் அம்மா அவரிடம் நேராகவே, ஸ்டூலைப் போட்டு அச்சை எடுக்கச் சொன்னாள்.

ரகசியத்தை உடைத்ததற்கு அடி விழும் என்று பயந்து, அப்பா கண்ணில் படாமல் திரிந்தேன். அவரோ எண்ணெயிலிருந்து எடுத்த முதல் முறுக்கை ஊதி ஊதி என் கையில் கொடுத்தார். ஜெபத்தில் எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை என்று என்னைப் பற்றிச் சபை முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் அந்த ரகசியத்தை ஏன் என்னிடம் போய்ச் சொன்னார் என்று யோசிக்கும் வயது எனக்கு அப்போது ஆகவில்லை.