பூஜ்யம் மில்லிமீட்டர்

மெராபின் என்ற எங்கள் ஊரில் உண்மையே பேசும் மனிதர் ஒருவர் இருந்தார். அவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லயல் டிரெஸ்காட் முப்பத்தோரு வருடம் ரயிலடிக் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்தார். லாரியில் வந்த கோதுமைக்குள் குழாயைச் செருகிக் கொஞ்சம் எடுத்து, இயந்திரத்தில் போட்டு, ஈரப்பதம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் போனால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பன்னிரண்டு புள்ளி ஆறு என்று காட்டினால் லயல் பன்னிரண்டு புள்ளி ஆறு என்றே சொல்வார். சொந்த அண்ணன் லாரிக்கும் அப்படித்தான் சொன்னார். அந்த அண்ணன் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஏழு வருடம் அவருக்கு அழைப்பு வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் அளப்பதற்கு மழை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மழை விட்ட மறுநாள் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "உனக்கு எவ்வளவு விழுந்துச்சு?" என்பதுதான் முகமன். அதற்குப் பதில் சொல்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வாய் திறப்பவர் எட்டு மில்லி என்றால் அடுத்தவர் எட்டரை என்பார், அதற்கடுத்தவர் பத்து என்பார். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கடைசியில்தான் பேசுவார்கள். ஊர் கூடிக் குடிக்கும் பப்பில் எப்போதும் கடைசியாகப் பேசியவர் பாரி பாஸ்கோ. ஐயாயிரம் ஹெக்டேர் வைத்திருந்த அவர்மேல் மேகங்களுக்குத் தனிப் பிரியம் என்று அவர் நம்பினார். லயலின் வீடு பாஸ்கோவின் வேலியை ஒட்டி இருந்தது. வந்த வினை அதுதான்.

"பதினேழுங்கறான்," என்றார் லயல் ஒரு காலை, ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டே. "வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குப் பதினொண்ணு. அது வேலியா, மலையா?"

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார் மனைவி கிளெனிஸ். "ஊருக்குச் சொல்லு."

லயல் எதையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்பவர். அந்த வாரமே நூலகத்தில் நடந்த 'உங்கள் முதல் வலைப்பூ' வகுப்பில் போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரப் பாடம், ஒரு தாள். தெரிந்ததை எழுதுங்கள், தினமும் எழுதுங்கள், வாசகரிடம் ஒரு கேள்வி கேட்டு முடியுங்கள் என்று அந்தத் தாள் சொன்னது. கிடங்கின் விதிமுறைப் புத்தகத்துக்குக் கொடுத்த அதே மரியாதையை லயல் அதற்கும் கொடுத்தார். தயாராக இருந்த வடிவமைப்புகளில் எழுத்து பெரிதாகத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதன் உச்சியில் அடர்ந்த காட்டு நடுவே ஒரு பேரருவி கொட்டிக்கொண்டிருந்தது. படத்தை மாற்றுவது அடுத்த வாரப் பாடம் என்றார்கள். அடுத்த வாரம் எல்லோரும் விதைப்புக்குப் போய்விட்டதால் வகுப்பு நடக்கவில்லை.

இப்படியாக ஏப்ரல் பதினான்காம் தேதி காலை, கொட்டும் அருவிக்குக் கீழே, 'மெராபின் மழை' பிறந்தது. முதல் பதிவு முழுமையாக இது:

"காலை ஒன்பது மணி. மழை: பூஜ்யம் மில்லிமீட்டர். உங்களுக்கு எவ்வளவு?"

மறுநாளும் பூஜ்யம். அதற்கு மறுநாளும். பத்தாம் நாள் லயலுக்கு இலக்கிய ஆசை எட்டிப் பார்த்தது: "இன்று ஒரு மேகம் வந்தது. தூலிங் பக்கம் போய்விட்டது. பூஜ்யம்." தூலிங் முப்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். கால்பந்து இறுதியாட்டத்தில் எங்களை மூன்று வருடம் தொடர்ந்து தோற்கடித்த ஊர். அந்த மேகத்தைப் பற்றி எங்கள் ஊரில் கடுமையாகப் பேசிக்கொண்டார்கள்.

லயலுக்கு அது தெரியாது. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'கருத்துகள்: 0' என்றே இருந்தது. மழையும் இல்லை, வாசகரும் இல்லை. முப்பத்தோரு வருடம் அவர் சொன்ன எண்ணை யாரும் விரும்பிக் கேட்டதில்லை. இந்த வலைப்பூவிலாவது யாரோ ஒருவர் தானாக வந்து கேட்பார் என்று அவர் நினைத்திருந்தார். அந்த ஒருவருக்காக இருபத்து மூன்று நாள் எழுதினார். வெளியே சொல்லவில்லை, ஆனால் காலையில் கணினியைத் திறக்கும்முன் தலையை வாரிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

இருபத்து நான்காம் நாள் கிளெனிஸ் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, மூலையில சிவப்பா அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு?"

"ஏதோ எச்சரிக்கை. தொடாதே."

கிளெனிஸ் தொட்டார். ஐம்பத்தெட்டு கருத்துகள் லயலின் ஒப்புதலுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தன. முதலாவது முதல் நாளே வந்து நின்றிருந்தது.

"இங்கயும் பூஜ்யம்." "அருவி எங்க இருக்கு லயல்? சொன்னா குடும்பத்தோட போய்க் குளிச்சுட்டு வருவோம்." "நான் போட்டது ஏன் வரல?" "எங்களையெல்லாம் மதிக்க மாட்டியா?" நடுநடுவே பாஸ்கோ: "ஏப்ரல் இருபத்தொண்ணு. எனக்கு ரெண்டு மில்லி." பிறகு, "என் ரெண்டு மில்லி எங்க?" பிறகு, "லயல் டிரெஸ்காட் என் மழைய அமுக்கறான்."

லயல் ஐம்பத்தெட்டையும் இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திட்டித்தானேய்யா எழுதியிருக்காங்க, எதுக்கு இளிக்கறே?" என்றார் கிளெனிஸ்.

"தினமும் வந்து திட்டியிருக்காங்க," என்றார் லயல்.

எல்லாவற்றையும் வெளியிட்டார். தாளில் எல்லோருக்கும் பதில் எழுதச் சொல்லியிருந்ததால் எல்லோருக்கும் பதில் எழுதினார். பாஸ்கோவுக்கு எழுதியது மட்டும் அன்று மாலைக்குள் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது: "ஏப்ரல் இருபத்தொன்றில் வானத்தில் மேகமே இல்லை. உங்கள் மழைமானியில் இருந்தது மழைதானா, இல்லை மேலே உட்கார்ந்த பறவையின் உபயமா என்று முகர்ந்து பார்க்கவும்."

ஒரு வாரம் பப்பில் பாஸ்கோ நுழைந்தாலே யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

ஆனால் மண்ணில் ஈரமில்லாத ஊரில் சிரிப்பு எத்தனை நாள் தாங்கும்? மே நடுவில் காய்ந்த மண்ணில் போட்ட விதை அப்படியே கிடந்தது. காலா கிளிகள் கூட்டமாக வந்து அதைக் கிளறித் தின்றன. அப்போதுதான் பாஸ்கோ ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நான்கு மில்லி தூறியது. பதினான்காம் தேதி லயல் எழுத ஆரம்பித்தார். அதன்பிறகு ஒரு சொட்டு இல்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஞாயிறு மதியம் பப்பில் கூட்டம். இருபது பேர் வந்திருந்தோம். எல்லோரும் செயற்கைக்கோள் பார்த்து உரம் தெளிப்பவர்கள்.

"உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல லயல்," என்றார் பாஸ்கோ, கோபமாக. "தினமும் காலைல ஒரு மனுஷன் பூஜ்யம், பூஜ்யம்னு எழுதிட்டிருந்தா மழைக்கும் மனசு விட்டுப் போகாதா? அந்தக் கருமத்த மூடு."

"முப்பத்தோரு வருஷம் உங்க கோதுமைய நான் ஈரமாக்கல, அளந்தேன்," என்றார் லயல். "இப்ப மழைய நான் நிறுத்தல, அளக்கறேன்."

"அப்பவும் இதத்தானேப்பா சொன்னே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதில் பழைய லாரி ஒன்றின் வலி இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். மூடச் சொல்லிப் பதினான்கு, வேண்டாம் என்று மூன்று. மற்றவர்கள் பீர் வாங்கப் போயிருந்தார்கள். பதினான்கில் ஒரு கை என்னுடையது. அறிவியலை மதிப்பவன்தான், ஆனால் எனக்கும் நானூறு ஹெக்டேர் காய்ந்து கிடந்தது.

லயல் கைகளை ஒருமுறை தானே எண்ணினார். "மூட மாட்டேன்," என்றார். இத்தனை மெதுவாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கிளெனிஸ் எழுந்தார். "எம் புருஷன் எழுதறது அலுப்புத் தட்டுதுன்னு நான் சொல்லலாம். வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்கேன், எனக்கு உரிமை இருக்கு. நீங்க தினமும் ஒம்பது மணி ஆச்சுன்னா போய்ப் படிச்சுட்டு இங்க வந்து கை தூக்கறீங்களே, வெக்கமா இல்ல? பாரி, நேத்து மட்டும் நீ நாலு தடவ போயிருக்கே. எண்ணிக்கை காட்டுது."

யார் எத்தனை முறை வந்தார்கள் என்று அந்த வலைப்பூ காட்டுவதே இல்லை. ஆனால் பாஸ்கோ சிவந்து போனார். பிறகு, பெரிய மனது பண்ணி, ஒரு சமரசம் சொன்னார்.

"சரி, மூட வேணாம். பேர மாத்து. 'தூலிங் மழை'ன்னு வை. அந்தப் பூஜ்யமெல்லாம் அங்க போகட்டும்."

கூட்டம் முழுவதும் எழுந்து கை தட்டியது. எங்கள் ஊர் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

"மானி இங்க இருக்கும்போது தூலிங்னு எப்படிப் போடறது? பொய்யில்லையா?" என்றார் லயல்.

"அப்ப மானிய அங்க கொண்டு போ!"

கேலியாகத்தான் சொன்னார்கள். ஆனால் லயல் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்பவர் என்று முன்பே சொன்னேன். மறுநாள் புது மானி ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு தூலிங் போனார். அங்கே பேக்கரி வைத்திருக்கும் மரிஸா கோட்ரலிடம், கொல்லையில் ஒரு கம்பம் நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றார் மரிஸா.

"எங்க ஊர்ப் பஞ்சத்த இங்க அனுப்பணுமாம்," என்றார் லயல். வேறு எதுவும் சொல்ல அவருக்குத் தெரியாது.

மரிஸா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அடப்பாவமே. நட்டுக்கோ. கோழிக் கூண்டுக்குத் தள்ளி நடு."

அன்றிலிருந்து லயல் தினமும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, முப்பத்து நான்கு கிலோமீட்டர் போய், ஒன்பதுக்கு ஒரு பூஜ்யத்தைக் குனிந்து பார்த்து, மரிஸா கடையில் ஒரு மீட் பை தின்றுவிட்டு, திரும்பி வந்து 'தூலிங் மழை' என்ற புதுப் பெயரில் அதை எழுதினார். மெராபின் மானியையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே, வெளியிடவில்லை.

பதினோராம் நாள் மேற்கே வானம் கறுத்தது. பகலெல்லாம், இரவெல்லாம் பெய்தது. விடிந்ததும் நாங்கள் போர்வையோடு ஓடிப் போய் அவரவர் மானியைப் பார்த்தோம். பதினொன்று, பதினொன்றரை, பத்து. விதை முளைக்க அது போதும். எனக்கு அடுத்த வீட்டுக்காரர் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு பத்து மணிக்கு, கொட்டும் அருவிக்குக் கீழே, பதிவு வந்தது:

"தூலிங். மழை: முப்பத்தொன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். உங்களுக்கு எவ்வளவு?"

நாங்கள் எங்கள் பதினொன்றோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்புறம் கருத்துகள் வர ஆரம்பித்தன. தூலிங்காரர்கள் தங்களுக்கு ஒரு வலைப்பூ இருப்பதையே அன்றுதான் கண்டுபிடித்தார்கள். "நன்றி மெராபின்," என்று ஒருவர். "பஞ்சம் வந்து சேர்ந்தது, இன்னும் இருந்தா அனுப்புங்க," என்று இன்னொருவர். மரிஸா அதிகம் எழுதவில்லை: "கம்பத்துக்குக் கான்கிரீட் போட்டாச்சு."

அன்று மாலையே பப்பில் மறுபடி கூட்டம். மிச்ச விதைப்புக்குப் போக வேண்டியவர்கள் எல்லோரும் வந்து நின்றோம்.

"திருப்பிக் கொண்டா," என்றார் பாஸ்கோ.

"வோட்டு போட்டுத்தானே அனுப்பினீங்க?"

"இப்ப வோட்டு போட்டுத்தான் கூப்பிடறோம். இருபத்தொரு கை. பாரு, ரெண்டு கை தூக்கினவங்களும் இருக்காங்க."

"மழைக்கும் எழுதறதுக்கும் சம்பந்தமே இல்ல பாரி. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

"இல்லன்னா கொண்டு வர்றதுல உனக்கு என்ன கஷ்டம்?"

லயல் தன் பீர்க் குவளையைக் கீழே வைத்தார். பெரிய சொற்பொழிவு எதுவும் வரவில்லை. "தூலிங்ல தொண்ணூறு பேர் எழுதியிருக்காங்க. அவங்களும் கேக்கறாங்க," என்றார். "கேக்கறவங்க கிட்ட சொல்லாம இருக்க மாட்டேன். ரெண்டு ஊரையும் போடுவேன். எது எவ்வளவோ அவ்வளவு. பிடிக்கலன்னா படிக்காதீங்க."

படிக்காமல் இருப்பது முடியாத காரியம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாஸ்கோ லயலுக்கு இன்னொரு பீர் சொன்னார். எங்கள் ஊரில் மன்னிப்பு அந்த வடிவத்தில்தான் வரும்.

வலைப்பூவின் பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 'மெராபின்-தூலிங் மழை'யா, 'தூலிங்-மெராபின் மழை'யா என்று இருநூறுக்கும் மேற்பட்ட கருத்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. லயல் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்து, எல்லோருக்கும் பதில் எழுதுகிறார்.

வேறொரு சிக்கல்தான் அவரை உலுக்கியது. மானியை ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டும், இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஒன்பது அடிக்கிறது. ஆகவே அவர் தூலிங்கில் நிற்கும்போது கிளெனிஸ் வீட்டுக் கொல்லையில், நைட்டியோடும் ரப்பர் பூட்ஸோடும், போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"ஆறு புள்ளி நாலு."

"நாலா, ரெண்டா? கண்ணு தண்ணி மட்டத்துக்கு இருக்கணும்."

"மண்டி போட்டுட்டுத்தான்யா பாக்கறேன். நாலு."

"பாஸ்கோ வேலிகிட்ட நிக்கறானா?"

"நிக்கறான். ஏழுன்னு போடச் சொல்றான்."

"என்ன சொன்னே?"

"ஏறிக் குதிச்சு இந்தப் பக்கம் வந்து, நீயே மண்டி போட்டுப் பாருன்னேன். ஒரு கால் இந்தப் பக்கம் வந்துடுச்சு, கால்சட்டை கம்பியில மாட்டிக்கிச்சு. வை, அப்புறம் பேசறேன். நாலுன்னு எழுதிக்கோ."

லயல் எழுதிக்கொண்டார்.