கரோல் போகாத வீடு

எங்கள் முல்லைத்தீவுத் தேவாலயப் பங்கில், இயேசு பாலன் பிறந்த செய்தியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித்தான் வீடு வீடாகக் கொண்டுபோவோம். பெத்லகேம் இடையர்களுக்குக் கிடைக்காத வசதிகள் எங்களுக்கு உண்டு: ஜெனரேற்றர், பெரிய ஒலிபெருக்கிகள், சினிமா மெட்டில் பாட்டுகள். நத்தார் பாப்பா, அதாவது கிறிஸ்மஸ் தாத்தா வேடம், உழவு இயந்திரத்தின் சொந்தக்காரருக்குத்தான். தர்மபுரத்துச் சைவக்காரர். அந்தச் சிவப்புச் சட்டையை நிரப்பும் வயிறு பங்கில் வேறு எவருக்கும் இல்லாததால், அவர் நெற்றித் திருநீற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடுவோம். யுத்தத்தில் மகனைத் தொலைத்த ஓர் அம்மா அங்கே தனியாக இருந்தார். துக்க வீட்டில் கொட்டமடிக்கலாமா? அவர் வாசல் வந்ததும் பாட்டை நிறுத்தி, மிகுந்த பண்போடு கடந்துபோவோம். அவர் மனம் நோகுமென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் மட்டும் கேட்டதில்லை.

போன மார்கழி மழையில், அந்த வாசலுக்கு நேரே உழவு இயந்திரத்தின் சில்லு சேற்றில் புதைந்தது. தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. மரியாதையாக நின்று நனைந்தோம்.

படலை திறந்தது.

"ஏன் நிண்டு நனையிறியள்? உள்ளுக்க வாங்கோ."

"இல்லையம்மா, உங்களுக்குக் கரைச்சல்..." என்று இழுத்தேன்.

"கரைச்சலோ? ஒவ்வொரு வருசமும் பக்கத்து வீட்டில பாடுறது கேக்கும். இனி இங்க வருவினம் எண்டு தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பன். நீங்கள் கள்ளர் மாதிரிப் பதுங்கிப் போவியள். நான் என்ன செத்தா போனன்?"

பண்பாளர்கள் வரிசையாகச் செருப்பைக் கழற்றினோம்.

உள்ளே சின்னதாய் ஒரு பாலன் குடில். பக்கத்தில் பயற்றம் பணியாரத் தட்டு. நத்தார் பாப்பா தட்டுக்குக் கிட்டவாகக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"பாடுங்கோவன்" என்றார் அம்மா.

ஜெனரேற்றர் நனைந்து நின்றுவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் எங்கள் குரல் எப்படியிருக்கும் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. பழைய பாட்டொன்றின் முதல் அடியோடு திணறினோம். மிச்சத்தை அவர்தான் பாடி முடித்தார். பிறகு சிரித்தார்.

"என்ர மகனும் இதைப் பிழைபிழையாத்தான் பாடுவான். உங்களை மாதிரியே."

எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சைவக்காரர் மட்டும் பஞ்சுத் தாடியால் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னொரு பணியாரம் எடுத்தார்.

மழை விட்ட பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. மீதி வீடுகளுக்குப் போகாமலே திரும்பினோம்.

அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் எங்களுக்குக் கண்டனம் தெரிவித்தார்கள். நத்தாரின் அர்த்தத்தை நாங்கள் மறந்துவிட்டோமாம்.