ஒன்றும் ஆகாமல் வைத்திருப்பவள்

என் மனைவிக்கு வேலை, சாப்பாடு போடுவது. சாப்பிடுகிறவர்களில் ஒருத்தருக்கும் வாய் கிடையாது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சொந்தக்காரர் கல்யாணம் கிடையாது. காலையில் ஆய்வுக்கூடம் போய், அந்தச் சின்ன வட்டத் தட்டுகளில் இருக்கும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றினால்தான் அவளுக்கு மூச்சு வரும். எனக்கோ நேற்று மிஞ்சியதைச் சூடுபண்ணி வைத்துவிட்டுப் போவாள்.

"அதுகளுக்கு மட்டும் தினம் புதுசா?" என்று கேட்டால், "பழசு போட்டா நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க, அவ்வளவுதான். அதுங்க வேற ஏதாவதா மாறிடும்" என்பாள்.

அவை கருவின் ஸ்டெம் செல்கள். கரு உண்டான சில நாளில், கை கால் எதுவும் பிரியாத நேரத்தில் எடுத்தவை. இதயமாகலாம், தோலாகலாம், நரம்பாகலாம்; இன்னும் எதுவும் ஆகவில்லை. உடம்புக்குள் அந்த நிலை சீக்கிரமே முடிந்துவிடும். தட்டிலோ, வளர்க்கத் தெரிந்தால் வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருக்கலாம். செல்லுக்குள் சில புரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பிக்கொண்டே, இதயம், தோல் என்று பிற வேலைகளுக்கான மரபணுக்களைச் சாத்தி வைத்திருக்கின்றன. சாத்தியிருக்கின்றனவே தவிரப் பூட்டவில்லை. "இப்படியே இரு" என்று வெளியிலிருந்தும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சொல்வது திரவத்தில் கலக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி. வெதுவெதுப்பில் அது கெட்டுவிடும் என்பதால், மற்றதெல்லாம் சேர்ந்தபின் கடைசியாகத்தான் கலந்து, பாட்டிலைக் குளிரில் வைப்பார்கள். வம்பு வந்ததும் அங்கேதான்.

நான் பேருந்து ஓட்டியவன். இதயத் தசை பலவீனம், எங்கள் குடும்பச் சொத்து. என் அண்ணனைக் கொண்டுபோனது அதுதான். என்னை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி, டிப்போவில் வண்டிகளின் நேரம் குறிக்க உட்கார வைத்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிம்மதியாக வேலை பார்த்த என் மனைவி, இதே நோயை ஆராய்கிற இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும், ஒற்றைக் காலில் நின்று அங்கே மாறிப் போனாள். அங்கிருந்த செல்கள் யாரோ ஒரு தம்பதி கொடுத்தவை. குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தபோது உடம்புக்கு வெளியே உண்டாக்கிய கருக்களில் ஒன்றுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. அதை வயிற்றில் வைக்காமல் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் யார் என்று கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

செல்களை உறைய வைக்கும் குளிர்த்தொட்டி பழுதாகி, அதிலிருந்த இருப்பெல்லாம் வீணாகிவிட்ட சமயம் அது. மிச்சம், தட்டுகளில் உயிரோடு இருந்தவை மட்டும். அவையும் போனால் அந்தத் தம்பதி கொடுத்தது முழுக்கப் போனது. அப்படிப்பட்ட ஒரு காலையில் அவள் திரவம் தயாரித்துக்கொண்டிருக்க, நான் டிப்போவில் மயங்கி விழுந்து தொலைத்தேன். போன் வந்ததும் கையில் இருந்ததைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். விட்டுவிட்டு வந்தது, காரணி கலக்காத பாட்டிலை.

அவளோடு வேலை பார்க்கிற நெட்டையன் தங்கமான பிள்ளை. பாட்டிலில் அவள் முன்கூட்டியே எழுதி வைத்த தேதியைப் பார்த்து, எல்லாம் கலந்தாயிற்று என்று நம்பிவிட்டான். நான் மருத்துவமனையில் கிடந்த நாளெல்லாம் அதையே ஊற்றினான். அக்காவைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஒரு போன்கூடப் போடவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போன அன்று எனக்குப் போன் செய்தாள். "என்னங்க, கிளம்பிடுச்சுங்க" என்றாள். வழவழவென்று விளிம்பு கட்டி நெருக்கமாக இருந்த செல் கூட்டங்கள் ஓரத்தில் பிய்ந்து, தட்டையாகப் பரந்து, ஆளுக்கொரு திசையில் மாறத் தொடங்கியிருந்தன. அப்படி மாறிப்போனவை தானாகத் திரும்பி வராது.

நெட்டையன் அழுதிருக்கிறான். "என்னைத் திட்டுங்கக்கா."

"அதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. முதல்ல ஊசியை எடு."

கூடத்தின் தலைவியான பேராசிரியையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நுண்ணோக்கியில் பார்த்து, மாறிப்போனதை மெல்லிய கண்ணாடி ஊசியால் சுரண்டித் தள்ளி, மாறாத துணுக்குகளை மட்டும் புதுத் தட்டுக்கு எடுத்து வைக்க வேண்டும். ஒரு பெரிய கூட்டத்தைப் பார்த்ததும் என் மனைவிக்கு விட மனசில்லை.

"இது நல்லாத்தானே இருக்கு மேடம்?"

"நடுவுல பாருங்க, மாறிக்கிட்டிருக்கு. ஆசைப்படாதீங்க."

மேடம் சொன்னதுதான் சரி. அதையும் சுரண்டினாள். தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடிய துணுக்குகள்தான். அவை பெருகி, சோதனைகளில் பழையபடியே இருப்பதாகத் தெரியும்வரை நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நேற்று மிஞ்சியதும் கிடைக்காத காலம் அது.

பிறகு ஒருநாள் அவற்றை இதயமாக்கத் தொடங்கினார்கள். காரணியை நிறுத்தி, ஒரு சமிக்ஞையைத் தூண்டி, சரியான நேரத்தில் அதே சமிக்ஞையை அடக்க வேண்டுமாம். "ஒண்ணும் ஆயிடாதேன்னு கெஞ்சிக் கெஞ்சி வளர்த்துட்டு, இப்ப நானே ஆகுன்னு சொல்லணுமாங்க" என்றாள் அன்று காலை.

சில வாரம் கழித்து மேடம் என்னை வரச் சொன்னார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். தட்டில் ஒரு துணுக்கு சுருங்கி விரிந்தது. சற்று நின்றது. மறுபடி சுருங்கியது.

"பலவீனம் எங்க இருக்குன்னு இனிமேதான் தேடணும். உங்களுக்கு உதவும்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் மேடம்.

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பிள்ளை வேண்டாம் என்று அந்தத் தம்பதி முடிவு செய்திருக்கிறார்கள். இப்படிப் பிறந்த பிள்ளைதான் நான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. குப்பையில் போகவிட்டிருக்கலாம். போகவிடாமல் எங்களுக்குக் கொடுத்தார்களே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"அவங்களுக்கு நன்றி சொல்லணும்டி."

"யாருன்னே தெரியாதேங்க. இதுகிட்டயே சொல்லுங்க."

குனிந்து, "ரொம்ப நன்றிப்பா" என்றேன்.

"மாஸ்க்கை மேல ஏத்துங்க மாமா, மூச்சு படுது" என்றான் நெட்டையன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. ஏற்றிவிட்டு, இன்னொரு முறை சொன்னேன்.