இரண்டு அறைகள், ஒரே ‘ஹெய்யோ’

ஜெயப்ரியா வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அப்பா சுந்தரம் கார்டன் ரீச்சில் ரயில்வே கலாசி. தண்டவாளம் தூக்கும்போது ‘ஹெய்யோ’ என்று குரல் கொடுப்பவர். குரல் விழுந்த நொடியில் பத்துப் பேரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அலுவலகத்தில் யாராவது கேட்டால், “அப்பா ரயில்வே” என்பதோடு அவள் நிறுத்திக்கொள்வாள்.

1998. பாலிகஞ்சில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம். கப்பல் பட்டறை ஒன்றின் வரைவாளர்களுக்காக நிரல் எழுதினாள். அவர்களுடைய யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்கள் வரைபடம் கேட்டால் சர்வர் அனுப்பும். பழைய நிரல் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிக்கும். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வரலாம். ஜெயப்ரியா ஒவ்வொரு அழைப்புக்கும் தனி த்ரெட் கொடுத்தாள், ஒரே நிரலுக்குப் பல கைகள் முளைத்ததுபோல.

சனிக்கிழமை பட்டறையில் செய்துகாட்டியபோது, ஏணியின் வரைபடம் கேட்டவருடைய திரையில் பக்கத்து மேசைக்காரர் கேட்ட பம்ப் வந்து நின்றது. திங்களன்றும் இப்படியென்றால் பழையதே போதும் என்றுவிட்டார் பட்டறை அதிகாரி. இந்த நாற்காலிக்கு நான் லாயக்குதானா என்று ஜெயப்ரியாவை இரவெல்லாம் குடைந்தது.

ஞாயிறு மதியம் அலுவலகத்துக்குச் சாப்பாட்டோடு அப்பா வந்தார்.

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“ஒருத்தர் கேட்டது இன்னொருத்தருக்குப் போகுதுப்பா. நான் தனியா பார்த்தப்ப ஒரு தடவகூட...”

சொல்லும்போதே உறைத்தது. அலுவலகத்தில் சோதிக்க வைத்திருந்த இரண்டு ஒர்க்ஸ்டேஷன்களும் தனித்தனி அறைகளில் இருந்தன. இங்கே அழுத்திவிட்டு அங்கே நடந்து போய் அழுத்துவாள். இரண்டு அழைப்புகளும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

“அப்பா, அந்த ரூம்ல உக்காருங்க. ‘ஹெய்யோ’ போடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இந்த பட்டனை அழுத்தணும்.”

“ஒடஞ்சிடப் போகுதும்மா.”

“தண்டவாளத்தையே தூக்கறீங்க, இதுக்குப் பயமா?”

“ஹெ...ய்யோ!”

வாயிற்காவலர் ஓடிவந்தார். “கீ ஹோலோ காக்கு?” என்ன ஆச்சு பெரியவரே என்று வங்காளத்தில் கேட்டார்.

நான்காம் தடவை இரண்டு திரைகளிலும் பம்ப். அப்பா அழுத்தியது பம்ப்புக்கு, அவள் அழுத்தியது ஏணிக்கு.

“வந்துடுச்சு! தப்பு வந்துடுச்சுப்பா!”

“தப்பு வந்ததுக்கா இந்தக் குதி குதிக்கிற?”

த்ரெட்கள் பல, ஆனால் பதிலை அனுப்புமுன் வைத்திருக்கும் இடம் மட்டும் பழைய நிரலில் இருந்ததுபோல் ஒன்றாகவே இருந்தது. முதல் பதில் கிளம்புமுன் அடுத்தது அதன்மேல் விழுந்திருக்கிறது. த்ரெட்டுக்கு ஓர் இடம் என்று மாற்றினாள். பிறகு நாற்பது ஹெய்யோ. அப்பாவுக்குத் தொண்டை கட்டியது, படங்கள் மாறவில்லை.

திங்கட்கிழமை எட்டு வரைவாளர்கள் ஒன்றாக அழுத்தினார்கள். எட்டுத் திரைகளிலும் அவரவர் கேட்ட படம்.

அதிகாரி சோதனைப் படிவத்தைப் புரட்டினார். சோதித்தவர்கள்: ஜெயப்ரியா, சுந்தரம்.

“இந்த சுந்தரம் எந்த இன்ஜினியர்?”

“எங்க அப்பா சார்,” என்றாள். இம்முறை அவள் அதோடு நிறுத்தவில்லை. “ரயில்வேல கலாசி.”