மாப்ளே, செருப்பு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, முனி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவள் நான். புளியமரத்தடியில் எதையோ பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால், "போய் சோலியப் பாரு" என்று எழுந்து போய்விடுவேன். நீங்கள் இப்போதே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் தாத்தா சவரிமுத்துவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும், அது வேறு விஷயம். கூடலூருக்குப் பக்கத்தில் கரடாகக் கிடந்த நிலத்தைக் கடப்பாரையால் பெயர்த்து, கிணறு வெட்டி, கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் பன்னீர் திராட்சை ஏற்றியவர் அவர். உழைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் வாயோடுதான் யாராலும் வாழ முடியவில்லை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். பந்தலுக்குள் யாரும் செருப்புக் காலோடு நுழையக்கூடாது. வரப்பிலேயே கழற்றிவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, "செருப்பு!" என்று இன்னொரு தடவை கத்துவார், அவ்வளவுதான். முள் குத்தினாலும் சரி, கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் சரி. என் பாதத்தில் இருக்கிற தழும்பு அத்தனையும் அவர் புண்ணியம். பழம் எடுக்கக் குமுளியிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வந்த வியாபாரிகளைத் திட்டுவதற்காகவே அரைகுறை மலையாளம் கற்றுக்கொண்டார். "செரிப்பு ஊரு சாரே, ஊரு ஊரு!" என்று, அதாவது செருப்பைக் கழற்று என்று, அவர் கத்த, ஒருவர் கோபித்துக்கொண்டு பழமே வேண்டாம் என்று ஜீப்பைத் திருப்பிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரோ, "போறான் விடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. அவர் பாவம் மறதிக்காரர், யோசனையில் அப்படியே உள்ளே நடந்துவிடுவார். தோட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் தாத்தாவுக்கு அது தெரிந்துவிடும். "மாப்ளே, செருப்பு!" என்று ஒரு சத்தம் வரும். பக்கத்துத் தோட்டக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஊருக்குள்ளும் சிலபேர் இவரை "என்ன மாப்ளே செருப்பு, சௌக்கியமா?" என்று கேலி செய்வார்கள், அந்தக் கோபத்தை என்மேல்தான் காட்டுவார்.

தாத்தா போனபிறகாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. அடக்கம் முடிந்து தோட்டத்துக்குப் போன முதல் நாள், இன்றைக்குச் செருப்போடு நுழைகிறேன் பார் என்று வீம்பாகத்தான் போனேன். வரப்பு வந்ததும் கால் தானாகக் கழற்றிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது நடந்தது பட்டப்பகலில். அதுதான் எனக்கு வெறுப்பு. இருட்டில் நடந்திருந்தால் ஏதோ பிரமை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஆடி மாதம். எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாள் பேய்க்காற்றும் சாரலுமாக அடித்து ஓய்ந்திருந்தது. கொடி எங்கேயாவது சரிந்திருக்கிறதா என்று பார்க்க என் வீட்டுக்காரர் கிளம்ப, நான் சோற்றுத் தூக்கோடு பின்னாலேயே போனேன். கோயிலில் பன்னிரண்டு மணிச் செபத்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் வரப்பிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, அதிசயமாக அன்று மறக்காமல், ஈர மண்ணில் இறங்கிப் பந்தலுக்குள் போனார். அவர் நல்ல உயரம். குனிந்து போகும்போது மேல்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் வழக்கம். கை மேலே போனது.

"மாப்ளே, செருப்பு!"

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். தாத்தாவின் குரல். அதே கரகரப்பு, அதே எரிச்சல். மணிச் சத்தத்துக்கு நடுவில் தெளிவாகக் கேட்டது.

இவர் தூக்கிய கையை இறக்கிவிட்டு விறுவிறுவென்று என்னிடம் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கழட்டிட்டுத்தானடி போனேன்! கண்ணு தெரியலயா ஒனக்கு? இந்தா கெடக்குல்ல!"

"நான் ஒண்ணும் சொல்லலங்க" என்றேன். எனக்கே நாக்கு குழறியது.

"அவுக மாதிரியே கத்திக் காட்டுற, அதுல பொய் வேறயா? தாத்தாவும் பேத்தியும் என்னய மனுசனாவே இருக்க விடமாட்டீகளா?"

அவர் என்னைத் திட்டிக்கொண்டிருக்க, நான் அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். மோட்டார் ரூமுக்கு வருகிற மின்கம்பி காற்றில் அறுந்து, பந்தலின் கோடியில் கம்பிமேல் விழுந்து கிடந்தது. அது தொட்ட இடத்தில் பச்சை இலை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள்ளே இருந்து பார்த்தால் தெரியாது, இலை மறைத்துவிடும். நான் கையை நீட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வரப்பிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

லைன்மேன் வந்து கரண்டை நிறுத்திவிட்டு, "மொத்தப் பந்தலுக்கும் பாஞ்சிருக்கு, தொட்டிருந்தா இந்நேரம் எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றார். எனக்கு அந்த மனுஷரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பங்குச்சாமியிடம் சொன்னேன். "ஆன்மா இளைப்பாற ஒரு பூசை வச்சிருவோம்மா" என்றார். "சாமி, எங்க தாத்தா மோட்சத்துக்குப் போறதுக்கு முன்னால உத்தரிக்கிற ஸ்தலத்துலயும் நின்னு எல்லாரயும் செருப்பக் கழட்டச் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாக" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் வீட்டில் பஞ்சாயத்து இன்றுவரை தீரவில்லை. தாத்தா குரலே இல்லை, கத்தியது நீதான், உன் குரல் எனக்குத் தெரியாதா என்று மாதாமேல் சத்தியம் செய்கிறார் இவர். நான் உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை என்று நானும் சத்தியம் செய்கிறேன். யாராவது ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும் இல்லையா? இரண்டு பேருமே சொல்லவில்லை.

இதுவரைக்கும்கூட நீங்கள் ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். அன்று சாயங்காலம் நடந்ததற்கு மட்டும் எனக்கு யாராவது காரணம் சொல்லுங்கள். அவரைக் காப்பி குடிக்கக் கூப்பிடலாம் என்று வாயைத் திறக்கிறேன், சத்தமே வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது. காலையில் நன்றாக இருந்த தொண்டை, அடிவயிற்றிலிருந்து கத்தினால் புண்ணாகுமே, அந்த மாதிரி எரிந்தது.

உயிரோடு இருந்தபோதும் தாத்தா என்னைக் கேட்டு ஒரு காரியம் செய்ததில்லை. இப்போதெல்லாம் இவரை வாசலிலிருந்து கூப்பிடுவதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை மெதுவாகக் கனைத்துப் பார்க்கிறேன், வருவது என் குரல்தானா என்று.