சத்தம் போடாத ஒயர் டிரம்

ராணுவத்துக்குப் புதிதாக ஒரு சாமான் செய்து கொடுக்க லேத், வெல்டிங் செட், பொறுமை மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். அரசாங்க டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நானும் கரீம் பாயும் கூட்டாக ஒரு பட்டறை நடத்தினோம். லேத் அவர் பொறுப்பு, டிராயிங்கும் கடிதமும் என் பொறுப்பு. ஏழுமலை என்கிற ஃபிட்டர் எங்களிடம் வேலை பார்த்தார். சோறு போட்டது பம்ப்செட் ரிப்பேர்தான். அப்போது மெட்ராஸில் ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடம் சிறு பட்டறைகளைக் கூப்பிட்டு, டெலிபோன் ஒயர் சுற்றிய டிரம் ஒன்று கேட்டது. சிப்பாய் அதை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஒயர் அவிழ்ந்துகொண்டே போக வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் திரும்பச் சுருள வேண்டும். பத்தடி தள்ளி நிற்பவனுக்குச் சத்தமே கேட்கக் கூடாது. மாதிரி அனுப்ப மூன்று தடவை வாய்ப்பு. மூன்றும் தவறினால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் பம்ப்செட்தான்.

ரகசியம்

வேலை ரகசியமானது, வெளியே மூச்சு விடக் கூடாது என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஏழுமலையிடமே பாதிதான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, நாங்கள் யோக்கியமானவர்கள்தானா என்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். எங்களிடம் வரவில்லை. எதிர் டீக்கடையில் விசாரித்தார், சைக்கிள் கடையில் விசாரித்தார், சலூனில் முகச்சவரம் செய்துகொண்டே விசாரித்தார். மிலிட்டரிக்கு ஒயர் சாமான் செய்கிற அந்த இரண்டு பேரும் எப்படி என்று அவர் கேட்டதில்தான் செங்கம் ரோடு முழுக்கத் தெரிந்தது. மறுநாள் டீ மாஸ்டர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்: “ஏங்க, மிலிட்டரிக்கு என்னமோ ரகசியமா செய்றீங்களாமே, எந்த மட்டும் வந்துக்கீது?”

ஐஸ் கம்பெனி

முதல் மாதிரி குளிரில் தோற்றது. ஆராய்ச்சிக்கூடத்தில் அதை உறைய வைக்கும் பெட்டிக்குள் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போட்ட கிரீஸ் மார்கழி மாசத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகி, டிரம் அசையவே இல்லையாம். எங்கள் ஊர்க் குளிருக்கு மஃப்ளர் கட்டினால் போதும். அதில் எதைச் சோதிப்பது?

கடைசியில் ஐஸ் கம்பெனிக்காரர் கையைக் காலைப் பிடித்து, ஐஸ் பாருக்கு நடுவே டிரம்மை வைத்தோம். கரீம் பாய் தினம் ஒரு எண்ணெயாகப் போட்டுப் பார்த்தார். நாலாம் நாள் தையல் மெஷின் எண்ணெயில் டிரம் சுகமாகச் சுற்றியது. நாங்கள் கைகுலுக்கிக்கொண்டு நின்றபோது ஐஸ் கம்பெனிக்காரர் சொன்னார்: “உங்க சாமான் ஒடைஞ்சா மிலிட்டரிக்காரன் லெட்டர்தான் போடுவான், என் ஐஸ்ல எண்ணெ வாடை வந்துச்சின்னா கல்யாணக்காரன் நேர்லயே வந்துடுவான்.”

மலைப் பாதை

சத்தத்தைச் சோதிக்க அமைதியான இடம் வேண்டும். அந்தக் காலத்தில் பௌர்ணமியை விட்டால் மத்தியானத்தில் கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் கம்மி. அடி அண்ணாமலையைத் தாண்டி ஓரிடம் பிடித்தோம். ஏழுமலை டிரம்மை மாட்டிக்கொண்டு ஒயரை அவிழ்த்தபடி அரை மைல் நடப்பார். கரீம் பாய் பத்தடி தள்ளிக் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார்.

அரை மைல் முடிந்ததும் திரும்பி வந்துகொண்டே ஒயரைச் சுருட்ட வேண்டும். ஏழுமலை திரும்ப மாட்டார். மலையை வலமாகத்தான் போக வேண்டும், பாதியில் திரும்பி இடமாக வரக் கூடாது என்பது அவர் கட்சி. ஒயரைத் தரையிலேயே விட்டுவிட்டு, காலி டிரம்மோடு ஊருக்குள் வந்து, பட்டறை வாசலில் டீ குடித்து, மிச்ச மலையையும் சுற்றி, மூன்று மணி நேரம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார். அங்கிருந்து முன்னோக்கி நடந்தபடி சுருட்டுவார். ஒரு நாளைக்கு ஒரு சோதனைதான் ஆகும். நானும் இந்த ஊர்க்காரன், எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஒரு மாசத்தில் ஒரு நாள்கூட டிரம் சத்தம் போடவில்லை.

காத்திருக்கிற நேரத்தில் கரீம் பாய் புளியமரத்தடியில் கண்ணயர்ந்துவிடுவார். ஒரு நாள் விழித்துப் பார்த்தால், அடி அண்ணாமலைக்காரப் பெண் ஒருத்தி ராணுவ ஒயரை வேலிக்கு வேலி இழுத்துக் கட்டித் துணி உலர்த்தியிருந்தாள். அவர் கேட்டதற்கு அவள் கொஞ்சமும் அசரவில்லை: “எத்துக்கினு போங்க பாய், அந்தப் பொடவை மட்டும் இன்னும் காயல, சித்த இருந்து சுத்துங்க.”

ஹவில்தார்

இரண்டாவது மாதிரியை நானும் கரீம் பாயுமே மெட்ராஸுக்குக் கொண்டுபோனோம். சோதிக்க வந்தவர் வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர். எல்லையில் ஒயர் இழுத்துப் பழகினவர். வேலி ஓரமாக அரை மைல் விடுவிடுவென்று நடந்தார், மூச்சு வாங்காமல் திரும்பினார், ஓட்டமும் நடையுமாகச் சுருட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் டிரம் கோழியைக் கழுத்தைப் பிடித்தாற்போலக் கத்தியது.

அதிகாரி அச்சுத் தண்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். ஒயர் அவிழும்போது டிரம் தறிகெட்டுச் சுற்றாமல் பிடிக்கிற பிரேக் உரசி, தண்டு சூடேறி, அதைத் தாங்குகிற புஷ்ஷைக் கவ்விப் பிடித்திருக்கிறது. உங்கள் ஊரில் எப்படித்தான் சோதித்தீர்கள் என்று கேட்டார். மலை, வலம், டீ எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மணி நேரத்தில் எந்தச் சூடும் ஆறிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். ஹவில்தார் டிரம்மைக் கழற்றி என் காலடியில் வைத்தார். “எதிரிக்குக் கிட்டப் போய்த்தான் சார் இதை இழுக்கணும். இது கத்துச்சின்னா சுடறது என்னைத்தான், உங்களை இல்ல.”

ஏரிக்கரை

நானும் பாயும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அதுவரை பட்டியலில் எங்கள் பெயர் நிற்குமா என்பது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது. ஹவில்தார் சொன்ன பிறகு அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

கரீம் பாய் பிரேக்கைத் தண்டிலிருந்து தள்ளி டிரம் விளிம்புக்கு மாற்றினார், புஷ்ஷில் மயிரிழை இடம் விட்டுக் கடைந்தார். இனிமேல் உடனே திரும்பி வந்தாக வேண்டும் என்று ஏழுமலையிடம் சொன்னேன். மலையில் மாட்டேன் என்றார். அதனால் வேங்கிக்கால் ஏரிக்கரைக்குப் போனோம். ஏரிக்கு வலமும் இடமும் கிடையாது. வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை போவதும் வருவதுமாக இருந்தார் ஏழுமலை. டிரம் வாயைத் திறக்கவில்லை. கடைசி நடை முடிந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் சொன்னார்: “கால்வலி அங்க மாதிரிதான் சார், புண்ணியந்தான் கம்மி.”

மூன்றாவது

அதே மைதானம், அதே ஹவில்தார். அதிகாரி என்னையும் கரீம் பாயையும் ஒரு சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் பத்தடியில் புல்தரையில் சோதனை நடக்கும், சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

நின்றோம். காக்கை கத்தியது கேட்டது. தூரத்தில் லாரி ஒன்று கியர் மாற்றியது கேட்டது. பாய் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது, இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆள் டீ குடிக்கப் போய்விட்டாரோ என்று கரீம் பாய் முணுமுணுத்தார். முதுகுக்குப் பின்னால் ஹவில்தார் குரல் வந்தது: “போயிட்டு, சுத்திக்கினு, வந்து நின்னே அஞ்சு நிமிஷம் ஆவுது சார்.”

மலையைச் சுற்றினால் செய்த பாவம் தீரும் என்பார்கள். பட்டறைக்காரன் செய்த பாவத்தை மட்டும் அது மூன்று மணி நேரம் மறைத்துத்தான் வைக்கும் என்பதே எங்கள் ஆராய்ச்சியின் முடிவு.